கட்டைவிரல் அளவு கனம்

ஜூன் 13, வியாழன்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை முதல் வேலைக்குக் கறுப்பு ஜக்கெற் இல்லை, மண்ணிற ஜக்கெற். அதில் பை ஆழம். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 14, வெள்ளி

குறித்துக்கொண்டது.

நான் வேலை செய்யும் ஏலக்கூடத்தில், விற்பனைக் கையேட்டுக்குப் படம் எடுப்பதற்காக ஒரு சீன மூக்குப்பொடிக் குப்பியைக் கையில் வைத்திருந்தேன். கட்டைவிரல் உயரம், செம்பின்மேல் எனாமல், இருநூற்றைம்பது வயது. அதன்மேல், வெள்ளைக்காரியை ஒருநாளும் கண்டிராத சீன ஓவியன் வரைந்த வெள்ளைக்காரி: கிளி மூக்கு, தக்காளிக் கன்னம், மடியில் ஆட்டுக்குட்டி. திடீரெனத் தீ மணி. விழுந்துவிடக் கூடாதே என்று குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். பொய் மணி. "வெள்ளிக்கிழமைதானே, அப்படியே வீட்டுக்குப் போங்கள்" என்றார் மேலாளர் பிலிப்பா.

வீட்டுக்குக் கிட்ட, கிளேட்டன் நிலையத்தில் ரயிலால் இறங்கிக் கையைப் பைக்குள் விட்டேன். குப்பி!

ஜூன் 15, சனி

மடியில் கனமிருந்தால் வழியில் பயமாம். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

பிலிப்பாவுக்குப் போன் எடுக்கலாம். என்ன சொல்வது? "நான் திருடவில்லை" என்ற வாக்கியத்தைத் திருடர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். படகில் வந்தவன், தற்காலிக விசா. பொலிஸ் ஒருதரம் பெயரைப் பதிஞ்சால் போதும், விசா போச்சு. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்க போய் நான் என்ன செய்யிறது — ஆரிட்டப் போறது?

கதவு தட்டும் சத்தம். குளியலறைக்குள் பூட்டிக்கொண்டேன். தபால்காரன்.

ஜூன் 16, ஞாயிறு

பையில் குப்பி இல்லை!

வீட்டுக்காரக் கமலேஸ்வரி அன்ரி ஜக்கெற்றைத் தோய்க்க எடுத்திருக்கிறார்.

"தம்பி, உந்தச் சிமிழ் என்ன வடிவு! மூடியோட சின்னக் கரண்டியும் கிடக்கு. நல்லூர்த் திருநீறு போட்டுச் சாமித்தட்டில வச்சிட்டன்."

"ஐயோ அன்ரி, அது என்ர இல்லை!"

"அப்ப ஆரின்ர?"

"சீனாக்காரன்ர."

"அவையளும் கும்பிடுறவைதானே. இந்தா, நீ முதல் பூசு. பேயறைஞ்ச முகம்."

பூசினேன். சந்தனம் மணத்தது. பிறகு குப்பியைத் தலைகீழாகத் தட்டினேன். கழுத்து குறுகல், உள்ளே ஒட்டியது வரவில்லை. தண்ணீர் படக்கூடாதென்று பிலிப்பா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 17, திங்கள்

வெளியே போகும்போதுதான் பைகளைச் சோதிப்பார்கள். உள்ளே கொண்டுவருபவனை எந்தக் காவலாளியும் சந்தேகிப்பதில்லை. குப்பி தன் இடத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 18, செவ்வாய்

பிலிப்பா குப்பியைத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார். கரண்டியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். தும்மினார். என்னைக் கூப்பிட்டார்.

"இது என்னவென்று தெரிகிறதா?"

முருகா.

"தெரியவில்லை" என்றேன்.

ஜூலை 2, செவ்வாய்

விற்பனைக் கையேடு அச்சாகி வந்திருக்கிறது. ஆட்டுக்குட்டிக்காரியின் படத்துக்குக் கீழே: "உள்ளே அக்காலத்து மூக்குப்பொடி சிறிது எஞ்சியுள்ளது. மெல்லிய சந்தன வாசனை."