புட்டிக்குள் வளர்ந்த கிருமி

மார்ச் 3, செவ்வாய்

மைக்ரோஸ்கோப் விளக்கு இன்றும் இரண்டு முறை அணைந்தது. தட்டித் தட்டித்தான் வேலை வாங்குகிறேன்.

பிரசவ ஆபரேஷன் வார்டிலிருந்து மறுபடியும் மூன்று சீழ் மாதிரிகள். மூன்றிலும் அதே பச்சைக் கிருமி. கிருமி வளர்க்கும் தட்டின் மூடியைத் திறந்தால் அதே பழுத்த திராட்சை வாசம். ஆறு வாரத்தில் பதினான்கு பெண்கள். எல்லோருக்கும் தையல் போட்ட இடத்தில்தான். எங்கிருந்து வருகிறது?

மார்ச் 5, வியாழன்

நானே வார்டுக்குப் போனேன். குழாய், கையுறை, கத்தரி, நர்சுகளின் கை எல்லாம் போன வாரமே பார்த்தாயிற்று. ஒன்றிலும் எதுவும் இல்லை.

ஏழாம் படுக்கையில் ஒரு தையல்காரி. பெண் குழந்தை பிறந்து பத்து நாள். வயிற்றுக் காயம் இரண்டாம் முறை பிரிந்திருக்கிறது. "நான் தச்ச சட்டை ஒண்ணுகூட இப்படிப் பிரிஞ்சதில்ல டாக்டர். உங்க ஆளுங்களுக்கு நூல் பத்தலையா?" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது. காயம் துடைக்கும் கிருமிநாசினி பாதி குறைந்த புட்டியில், பழசின் மேலேயே புதிதை ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். புட்டி காலியாவதே இல்லை. அப்படியானால் கழுவுவது எப்போது? தலைமை நர்சிடம் கேட்டேன். செருப்புச் சத்தத்திலேயே வார்டை அடக்குகிறவர். எல்லோருக்கும் அவர் 'சார்ஜன்ட்'.

"கிருமியைக் கொல்ற மருந்து இருக்கிற புட்டியை யாராவது கழுவுவாங்களா டாக்டர்?"

நியாயமான கேள்விதான். இருந்தாலும் கொஞ்சம் எடுத்து வந்தேன்.

மார்ச் 7, சனி

வளர்ந்திருக்கிறது. கிருமிநாசினிக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது!

மார்ச் 9, திங்கள்

திரும்பவும் பார்த்தேன். பதினோரு புட்டிகளில் ஒன்பதில் அதே கிருமி. புட்டிகளுக்கு மருந்து வரும் பீப்பாயில், பிரிக்காதது சுத்தம். ஆக மருந்தில் குறையில்லை, ஊற்றி நிரப்பும் பழக்கத்தில்தான். சார்ஜன்ட் வந்து தட்டைப் பார்த்துவிட்டு, "வேலியே பயிரை மேஞ்ச கதையால்ல இருக்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? இந்த மருத்துவமனையில் அறுவைப் பிரிவுத் தலைவராக உட்கார்ந்த முதல் பெண் அவள். அவள் சேர்ந்த காலத்தில் பெண் டாக்டர் உடை மாற்ற ஓர் அறைகூடக் கிடையாது. இரண்டு வருடம் சாமான் அறையில் மாற்றியிருக்கிறாள். எனக்கு ஒன்பது வயதானபோது ஸ்டூல் மேல் ஏற்றி வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் காட்டியவள். நான் இன்று இந்த வேலையில் இருப்பது அவளால்.

தட்டுகளை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு வாரம் ஆபரேஷன்களை நிறுத்தவேண்டும், எல்லாப் புட்டிகளையும் எறியவேண்டும் என்றேன். அடுத்த மாதம் பெண்களுக்கான புது அறுவைக் கட்டடம் திறப்பு. அவளுடைய இருபது வருடக் கனவு. அதை நானும் மறக்கவில்லை.

"எழுதிக் குடு. நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே."

அப்பாடா என்றிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

அதே புட்டிகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அக்காவைக் கேட்டால், "பொறுடி, பேசறேன்."

மார்ச் 17, செவ்வாய்



இயக்குநர் அறையில் கூட்டம். என் அறிக்கை மேசையில். இயக்குநர் அக்காவைப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இவ என் தங்கச்சி. அதனாலதான் மனசு கேக்காம சொல்றேன். வேலையில முன்னாடியும் ஒரு தடவை தட்டை மாத்தி வச்சிருக்கா. இந்தக் கிருமியும் லேப்லயே கலந்ததாதான் இருக்கும்."

அஞ்சு வருஷத்துக்கு முன்னால, அப்பா தவறின வாரம். ரெண்டு தட்டுல பேர் மாத்தி ஒட்டிட்டேன். ரிப்போர்ட் போறதுக்குள்ள நானே கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். யாருக்கும் ஒரு கெடுதலும் ஆகலை. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவ மடியில படுத்து அழுதுகிட்டே சொன்னது. அதையா எடுத்து அங்க வைப்பா? அதையா?

வராந்தாவில் மடக்கினேன். "ஏன்க்கா?"

"ரெண்டு வாரம் மூடினா என்ன சொல்லுவாங்க தெரியுமா? பொம்பளைகிட்ட குடுத்தா இப்படித்தான்னு. இருபது வருஷமா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் காத்திருக்கானுங்க. கட்டடம் திறக்கட்டும், அப்புறம் புட்டியெல்லாம் மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் படுத்திருக்கறவங்க?"

 கடிகாரத்தைப் பார்த்தாள்.

மார்ச் 18, புதன்

என்னை ரத்தச் சர்க்கரை பார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உத்தரவின் அடியில் சிபாரிசு செய்தவர் கையெழுத்து. நான் சின்ன வயதில் காப்பியடித்துப் பழகிய கையெழுத்து.

மார்ச் 23, திங்கள்

ஏழாம் படுக்கை காலி.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதாம். விடியற்காலை ஐந்து மணிக்கு. குழந்தையைத் தையல்காரியின் தங்கை வாங்கிக்கொண்டு போனாளாம்.

தட்டு என் கையில் இருந்தது, பதில் என் கையில் இருந்தது. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அக்கா சொன்னாள்னு. நானும்தானே?

மார்ச் 24, செவ்வாய்

சர்க்கரை மேசைக்கு சார்ஜன்ட் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "என்ன செய்யணும்னு சொல்லுங்க. வேலை போனா போகட்டும், எனக்கு வீட்ல ரெண்டு பசு இருக்கு." அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்று நர்சுகள் சாட்சியாக, வார்டிலேயே ஆறு புட்டிகளை மூடி முத்திரை வைத்தோம். நான் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கலந்தது என்று இனி யாரும் சொல்லமுடியாது. சார்ஜன்டே பேருந்தில் எடுத்துப்போய் வெளியூர் அரசு ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தார், ஏழாம் படுக்கையின் ஃபைல் நகலோடு.

ஏப்ரல் 9, வியாழன்

ஆய்வகத்தின் பதில் வந்தது: ஆறில் ஐந்து.

மதியம் விசாரணைக் குழு வந்தது. ஆபரேஷன்கள் நிறுத்தம். வார்டுப் புட்டிகள் எல்லாம் கோணியில் போயின. கட்டடத் திறப்பு தள்ளிப்போடப்பட்டது. படியில் அக்கா எதிரே வந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். பெரியவர்களுக்கு வழிவிடத்தானே சொல்லிக்கொடுத்தாள்.

மே 20, புதன்

பழைய மேசை திரும்பக் கிடைத்தது. ஐந்து வாரமாக ஒரு பச்சைத் தட்டுகூட இல்லை. விளக்கு மட்டும் இன்னும் அணைகிறது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

காலையிலேயே அம்மாவின் போன். "அக்கா பேப்பர்ல வந்திருக்கா, பாத்தியா? என்னமோ கிருமியைக் கண்டுபிடிச்சாளாமே! நீ ஏன்டி சொல்லவேயில்ல?"

வாங்கிப் பார்த்தேன். புதுக் கட்டடத்தின் முன்னால் அக்கா. 'முன்னோடிப் பெண் மருத்துவர்.' அவள் வாயால் 'நான்' என்று எங்கும் சொல்லவில்லை, அதில் அவள் கெட்டிக்காரி. 'நாங்கள் கண்டறிந்தோம்', 'எங்கள் ஆய்வகம்'. அந்த நாங்களில் நான் இருக்கிறேனா? சார்ஜன்ட் இருக்கிறாரா? செத்தவள்?

விசாரணை அறிக்கை ஏதோ ஓர் அலமாரியில். அவள் கூட்டத்தில் சொன்னதும் அதில் இருக்கிறது. எடுத்துப் படிக்க யாருக்கு வேலையில்லை?

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். "பாத்தேம்மா, படம் நல்லா வந்திருக்கு" என்றேன்.

செப்டம்பர் 14, திங்கள்

இன்று நானே எழுத உட்கார்ந்தேன். தேதி, தட்டு எண், புட்டி எண், எத்தனை பேருக்கு, எத்தனை நாளில். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது சார்ஜன்டுடையது. "என் பேரா? எதுக்கு டாக்டர், நான் பத்தாவது ஃபெயில் ஆகி அப்புறம் பாஸ் பண்ணவ" என்றார். நான் பெயரை எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, செவ்வாய்

கட்டுரை மருத்துவ இதழில் வந்துவிட்டது. சார்ஜன்ட் நகல் எடுத்து வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார், டாக்டர்கள் கை கழுவும் இடத்துக்கு நேர் எதிரே.

மாலை லேபுக்கு ஒரு வேண்டுகோள் சீட்டு வந்தது. நோயாளி: அக்கா. பித்தப்பைக் கல், ஆபரேஷன். அதற்கு முன் அறையின் கிருமிநாசினியைப் பரிசோதிக்க வேண்டுமாம். அடியில் அவள் கையாலேயே: 'தங்கை மட்டும் பார்க்கவும்.'

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. கோபத்திலா, பயத்திலா, தெரியவில்லை.

பிப்ரவரி 11, வியாழன்

இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். எதுவும் வளரவில்லை. அறிக்கையை நானே எடுத்துப் போனேன். நோயாளி உடையில் சின்னதாகத் தெரிந்தாள்.

"சுத்தமா?"

"சுத்தம்."

"நீ சொன்னா சரி" என்றாள்.

"இதைப் போன மார்ச்ல சொல்லியிருக்கலாம்க்கா."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை.  அறிக்கையைப் பெற்றுக்கொண்டதற்கு வார்டு நர்சிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கீழே வந்தேன்.

நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "நீ அவ பக்கத்துலேயே இருப்பேல்ல?" என்று கேட்டாள்.

"லேப்ல இருப்பேம்மா" என்றேன்.