ஒரு பக்கம் வேண்டாம் என்றால்

ஜெனீவா,
செவ்வாய்க்கிழமை

சோலின் அப்பாவுக்கு,

ஓக்-ஜின் அன்போடு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நீங்கள் 'ம்', 'ம்' என்பீர்கள், நான் கத்துவேன், சோல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

நேற்று நீங்கள் சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். "இந்தத் தடவை உன் யோசனையை வாபஸ் வாங்கிடு ஓக்-ஜின், அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம், வீட்டுக்காகத்தான் சொல்றேன்" என்றீர்கள். அடுத்த கூட்டம் ஏது? இந்தக் கூட்டத்தோடு வீடியோ சுருக்க விதிகளின் வரைவுக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு உலகத்தில் வருகிற டிவியும் போனும் எல்லாம் அந்த வரைவுப்படிதான் படம் காட்டும்.

அந்தப் பேச்சு உங்களுடையது இல்லை. உங்கள் பிரிவுத் தலைவர் தாக் இங்கிருந்து உங்களைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். காபி வாங்குகிற இடத்தில் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பியோ ஏன் வரல? வீட்ல போடற சண்டையே போதும்னு விட்டுட்டாரா?" என்று உங்களைக் கேலி செய்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, "அவர் வீட்ல பாத்திரம் கழுவறாரு, உங்களுக்குத்தான் கழுவத் தெரியாது" என்றேன். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் காபியைச் சிந்திவிட்டார்கள். ஆனால் அந்த மனிதர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரைக்கும் வந்து உட்கார நான் சம்மதிக்கவில்லை. நீங்கள் ஒருவர் சம்மதித்தால் போதுமா?

சோலின் நீச்சல் உடை துவைத்து பால்கனியில் காய்கிறது, எடுத்து வையுங்கள். கிம்ச்சி டப்பாவை நன்றாக மூடுங்கள். வியாழக்கிழமை உங்கள் அக்கா மி-ரானின் பிறந்தநாள். கடல்பாசி சூப் நீங்கள்தான் வைக்க வேண்டும், கடையில் வாங்கிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வம்பெல்லாம் ஆரம்பித்ததே உங்கள் அக்காவால்தான். சூசோக் அறுவடைப் பண்டிகை விடுமுறையில் அவர் வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோமே. திரையில் சைகை மொழிக்காரர் நிற்கும் பெட்டியை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி வைத்திருந்தார். அவரைப் போல் காது கேட்காதவர்களுக்குச் செய்தி என்றால் அந்தப் பெட்டிதான். திடீரென்று நம் பக்கம் திரும்பி, "இந்தாளுக்கு சுண்டு விரல் கரைஞ்சு போச்சு, பாவம், என்ன வியாதியோ" என்று கையால் சொன்னார். நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் திரையைப் பார்த்தோம், விரல் நிஜமாகவே மங்கிக் கிடந்தது. நம் தொழிலின் வேலைதான் அது.

அன்று நான் வாயால் சொல்ல நீங்கள் கையால் சொன்னீர்கள். படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தனித்தனியே சுருக்குகிறோம், சேர்க்கும்போது நடுவில் கோடு தெரியும், அதை மறைக்க இரண்டு பக்கத்துப் புள்ளிகளையும் கொஞ்சம் கலந்து தேய்த்துவிடுகிறோம், அதற்குப் பெயர்தான் ஃபில்டர் என்றோம். சைகைக்காரரின் பெட்டி 'என் ஓரத்தைத் தேய்க்காதே' என்றுதான் சொல்கிறது. ஆனால் இரண்டு கட்டத்துக்கு நடுவில் உள்ள ஓரத்தைப் பற்றி, வரிசையில் பின்னால் வருகிற கட்டம்தான் முடிவு சொல்லும் என்று வரைவில் இருக்கிறது. கீழே ஓடுகிற செய்திப் பட்டை 'சரி' என்றால், மேலே இருக்கிற விரலும் சேர்ந்து தேய்ந்துபோகும். அக்கா உடனே, "அப்ப கீழ்வீட்டுக்காரன் சரின்னா எங்க வீட்டுச் செவுத்தையும் சேத்துப் பூசிடுவானா?" என்று கேட்டார். நீங்கள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் வேண்டாம் என்றாலும் அந்த ஓரத்தைத் தொடக்கூடாது. உங்கள் கம்பெனிக்காரர்கள் படம் முழுவதற்கும் ஒரே சுவிட்ச் போதும் என்கிறார்கள். அதை அணைத்தால் திரை முழுக்கக் கோடு கோடாகத் தெரியும், ஆகவே எவரும் அணைக்கப்போவதில்லை. இது தாக்குக்கும் தெரியும். சிப் தயாராகிவிட்டது, இனி மாற்றினால் செலவு, விஷயம் அதுதான். அதை நேராகச் சொல்லிவிட்டுப் போகட்டுமே!

எங்கள் டீம் லீடர் மேங், "ஒரே ஒரு பிட்டுக்காம்மா இவ்ளோ சண்டை? அவங்களோட சேந்து கையெழுத்துப் போட்டுட்டு ஊரைச் சுத்திப் பாரு" என்றார். முடியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

இன்று காலை விழுந்த அடி வேறு. நம் கூட்டத்தில் வேறு கம்பெனிக்காரர் ஒருவர் அதே சோதனையைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து 'ஒத்துப்போகிறது' என்று எழுதித் தராமல் எந்த யோசனையையும் எடுக்க மாட்டார்கள். எனக்கு அதைச் செய்வதாக இருந்த ஃபின்லாந்துக்காரர் வெய்யோ பின்வாங்கிவிட்டார். "எங்க ஆபீஸ்ல வேணாம்ங்கறாங்க, ஓக்-ஜின், என்னை மன்னிச்சிடு" என்றார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். கூட்டத் தலைவர், வியாழன் காலைக்குள் யாராவது எழுதித் தந்தால் எடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் பேச்சுக்கே வராது என்றுவிட்டார். மதியம் முழுக்கக் கேட்டு அலைந்தேன். எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். நீங்கள் வேறு கம்பெனி, சட்டப்படி செய்யலாம். நிரலையும் சோதனைப் படங்களையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தான் என்று சிரிப்பார்கள்தான். கடைசிப் பிட் வரை, ஒரு பூஜ்யமோ ஒன்றோ பிசகாமல் ஒத்துப்போனால்தான் ஒத்துப்போவது, அதில் பாசம் காட்ட இடமில்லை. வேண்டும் என்றால் அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும். உங்கள் பெயர் அந்தத் தாளில் வந்தால் தாக் உங்களைச் சும்மா விட மாட்டார் என்றும் தெரியும். உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கும் பதவி போகலாம். தெரிந்துதான் கேட்கிறேன். வீட்டுக்குள் ஆபீசைக் கொண்டுவந்தது தாக் என்றால் இப்போது நீ என்ன செய்கிறாய் என்பீர்கள். அவர் உங்களைக் கேட்கவில்லை, சொன்னார். நான் கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். அந்த ஓரத்தை நானும் தொட மாட்டேன்.

வெய்யோ போனாலும், நீங்கள் மறுத்தாலும், வியாழக்கிழமை நான் எழுந்து நின்று பேசத்தான் போகிறேன். நேரமில்லை, உட்காருங்கள் என்பார்கள். உட்கார மாட்டேன்.

உங்களுக்கு இரண்டு வேளையும் சூடான சாப்பாடும், சோலுக்கு நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். ஓட்டிப் பாருங்கள். ஒத்துப்போனால் ஒத்துப்போகிறது என்று எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதையும் எழுதுங்கள், எல்லார் முன்னாலும் நானே வாசிக்கிறேன். பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள், அதையும் நான் தாங்கிக்கொள்வேன். 'ம்' என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள்
ஓக்-ஜின்