ஜன்னலைத் தாழிடவில்லை

ஹுகுந்த்சி
18 ஆகஸ்ட் 1991

அன்புள்ள கலாலெலோ அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, அத்தானுக்கும்கூட. படித்ததும் நெருப்பில் போட்டுவிடு. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ ஜன்னல் வழியாக இறங்கிப் போன மறுநாளே, உன்னைப் பெண் கேட்டுக் காங் ஊர்க்காரர் பரிசமாகக் கொடுத்த மாடுகளை அப்பா திருப்பி ஓட்டிவிட்டார். ஊரே தெருவில் நின்று பார்த்தது. அத்தான் பெயரை அவர் சொல்வதே இல்லை. "அந்தப் பய உங்க அக்காள எங்க கூட்டிட்டுப் போனான், சொல்லு" என்று தினமும் சாப்பிடும்போது கேட்கிறார். நான் கஞ்சியைப் பார்த்தபடி தெரியாது என்கிறேன். அம்மா ஒன்றுமே கேட்பதில்லை. அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

தண்ணீரே கிடைக்காத மணல் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கித் தங்கி எல்லைக்குப் போவது உங்கள் இருவருக்கும் ஜாலியாக இருக்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நம் குலத்தின் சின்னம் சிங்கம், அது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொல்வாரே, நிஜமா?

நீ சொன்னபடி ஜன்னலைத் தாழிடவில்லை. எப்போது வந்தாலும் நகத்தால் சுரண்டு. கதவைத் தட்டிவிடாதே, அப்பா விழித்துக்கொள்வார்.

உன்
பொனோலோ

ரொட்டி லாரி ஓட்டும் மொலெஃபி மாமா இதை வனவிலங்குப் பூங்கா வாசலில் அத்தானிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.


மேற்கு மணல் பாதை
29 ஆகஸ்ட்

என் செல்லப் பொனோலோ,

உன் கடிதம் கிடைத்தது. எரிக்க மனம் வரவில்லை, சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

நாங்கள் நலம். அத்தானின் ஒரு செருப்பை நரி தூக்கிப் போய்விட்டது. இப்போது ஒரு காலில் செருப்பும் மறு காலில் என் கேன்வாஸ் ஷூவுமாக நடக்கிறார். ராத்திரி வண்டியின் பின்புறம் படுத்தால் வானம் முகத்தின் மேலேயே கிடக்கிறது. இவ்வளவு சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நீ கேட்ட சிங்கமும் வந்தது. காது கிழிந்த கிழச் சிங்கம். பாத்திரம் கழுவும் பேசினில் கிடந்த தண்ணீரை நக்கிவிட்டுப் போனது. குலத்தாரைத் தாகத்தோடு அனுப்பலாமா? மறுநாளிலிருந்து பேசினில் நல்ல தண்ணீரே வைத்தேன். "மாமனார் வந்தாருடி. பொண்ணத் திருப்பிக் கேக்கல, தண்ணிதான் கேட்டாரு" என்கிறார் அத்தான். சிங்கத்துக்குப் பழகிவிட்டது போல. நேற்று பேசின் காலியானதும் ஒரு தண்ணீர்க் கேனையே கடித்துக் கிழித்துவிட்டது. இன்னொரு கேன் இருக்கிறது. வண்டி மக்கர் பண்ணாமல் போனால் எல்லை வரை வரும்.

இப்போது நான் தார்பாய்க்கு அடியில் படுத்து எழுதுகிறேன், சிரிக்காதே. அப்பாவோடு சீட்டாடுவாரே, அந்த வனக் காவலர் ரோந்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தான் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

"தண்ணி இருக்கா தம்பி? வேணும்னா ஒரு கேன் தரேன்."

"நெறைய இருக்குங்கய்யா. நீங்க கெளம்புங்க, வெயில் ஏறுது."

இந்தக் கடிதத்தை லாரி மாமா பெயர் எழுதி அந்தக் காவலரிடமே கொடுத்தனுப்பப் போகிறோம். எல்லைக்கு அப்பால் அத்தானின் அண்ணன் வீட்டுக்குப் போனதும் எழுதுகிறேன். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடும். அதுவரை மூச்சு விடாதே. சத்தியம் செய்திருக்கிறாய்.

முத்தங்களுடன்
அக்கா


ஹுகுந்த்சி
23 செப்டம்பர்

அக்கா,

இதை யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை.

பள்ளி திறந்துவிட்டது. உன் கடிதம் வரவில்லை. மொலெஃபி மாமா எல்லைச் சாவடியில் விசாரித்துவிட்டு வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படி ஒரு வண்டி அந்தப் பக்கம் வரவே இல்லைன்னு சொல்றாங்கம்மா" என்றார். கை நிறைய ரொட்டி கொடுத்தார். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை, அக்கா. உனக்குச் செய்த சத்தியம். எத்தனை இரவுகள் அப்படிப் போயின என்று எண்ணப் பயமாக இருக்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் உன் கடிதத்தை அப்பா முன்னால் வைத்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. முழுவதும் படித்தார். பேசின் பற்றி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தபடியே இருந்தார்.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றார். "சிங்கத்தத் தாகத்தோட அனுப்பக் கூடாதுன்னு."

அன்றிரவே அந்த வனக் காவலரைக் கூட்டி வந்தார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நெறைய இருக்குன்னு சொன்னான்யா அந்தப் பையன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பினார். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "அவன் பேரு என்ன?" என்று கேட்டார்.

"ஒதிரிலே" என்றேன்.

"ஒதிரிலே," என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "காட்டுல கூப்பிடணுமில்ல."

சத்தியத்தை மீறியதற்கு வந்து என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மா உன் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

அப்பா போன வண்டியின் சத்தம் கேட்கிறது. நம் வாசலில்தான் நிற்கிறது. அவசரமே இல்லாமல் இறங்குகிறார்கள். பேச்சுச் சத்தம் இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் டார்ச்சை அணைக்கவில்லை, அக்கா, உனக்குத் தெரியட்டும் என்று. ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. நீ வந்து சுரண்டுவாய் என்று நான்

கதவைத் தட்டுகிறார்கள்