என் குரலை எடுத்துவிட்ட படம்

அக்கா,

இன்று காலை கதவைத் திறந்ததும் மைதாப் பசை வாசனை. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசைக்கு ஒரு புளித்த நெடி உண்டு, உனக்குத் தெரியும். எதிர்ச் சுவரில் போஸ்டர் இன்னும் ஈரமாக இருந்தது. ஊரே ‘அண்ணன்’ என்று கூப்பிடும் அந்தக் கட்சிக்காரர் இந்த முறை ஒன்றியக் கவுன்சிலருக்கு நிற்கிறார். போஸ்டரில் அவர் கும்பிட்டபடி சிரிக்கிறார். ஒரு பெண் அவர் தோளில் பொன்னாடை போர்த்துகிறாள். தலை குனிந்து, கண்ணைத் தரையில் வைத்திருக்கிறாள். அது நான்தான்.

நீ போன பிறகு வரும் முதல் தேர்தல் இது. உனக்கு எதையும் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது.

அடுத்த தெருவில் இருந்த நீ ஏனாத்தூர் பக்கம் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் எட்டாவதோடு நின்றுவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் பட்டு நூல் சுற்றப் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து நெடுஞ்சாலையில் இறங்குவோம். பஸ் நம் காலனிக்குள் வராது. மதுக்கடையைத் தாண்டி, முள்காட்டு ஓரமாக நடக்க வேண்டும். அந்த நடைக்குப் பயந்துதான் அம்மா என் படிப்பை நிறுத்தினாள். படிப்பு நின்ற பிறகு வேலைக்குப் போய் அதே வழியில்தான் நடந்து வந்தேன். அப்போது அம்மாவின் பயம் எங்கே போனது என்று நான் கேட்டதில்லை. நீ மட்டும் கேட்டாய். அம்மா உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

அதிகம் பேசாத என்னை நீ ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. நீ படம் காட்டும்போது வயர் பிடிக்க, பாய் விரிக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ எடுத்த சின்னச் சின்னப் படங்களை எப்போதும் அமாவாசையன்றுதான் காட்டுவாய். அன்று நெசவுக்காரர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அவர்களை நம்பி வேலைக்குப் போகும் நம் காலனிப் பெண்களுக்கும் அன்றுதான் ஓய்வு. நிலா இல்லாததால் மாதா கோயிலின் வெள்ளைச் சுவரில் படம் பளிச்சென்று தெரியும் என்று இன்னொரு காரணமும் சொல்வாய்.

“இன்னாமா, அமாவாசையும் அதுவுமா பேய்ப் படமா காட்டுற?” என்பார் கட்டட வேலை மேஸ்திரி மாமா.

“ஆமா மாமா. அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி வர்ற பேயி.”

ஒவ்வொரு படமும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஓடும். எல்லாம் உன் போனில் எடுத்தவை. ஓட்டுப் போடும் நாளை லீவு என்று தூங்கிக் கழித்தவன், புருஷன் காட்டிய சின்னத்தைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பொத்தானை அழுத்துகிறவள் என்று நம் தெரு ஆட்களே நடித்திருந்தார்கள். தன் முகத்தைச் சுவரில் பார்த்து ஒவ்வொருவரும் வெட்கப்பட்டார்கள். படம் முடிந்ததும் நீ மைக்கைக் கூட்டத்துக்குள் நீட்டுவாய். “ஓட்டு கேட்டு வந்தா நீங்க இன்னா கேப்பீங்க?” முதல் அமாவாசையில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருத்தி தண்ணீர் என்றாள், இன்னொருத்தி சுடுகாட்டுப் பாதை என்றாள். நான் பாயைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை வைத்துப் படம் எடுக்கப் போவதாக நீ சொன்னபோது நான் ஒளிந்துகொண்டேன். வீட்டுக்கே வந்து இழுத்துப் போனாய். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வைத்தாய்.

“எனக்கு இன்னும் ஓட்டே வரலக்கா.”

“கேக்குறதுக்கு வயசு கெடையாது. சொல்லு.”

எத்தனையோ தடவை பாதியில் நிறுத்தினேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் சொன்னேன். “எங்க காலனிக்குள்ள பஸ்ஸு வராததால நான் படிப்ப நிறுத்திட்டேன். மதுக்கடை வழியாதான் நடந்துக்கினு இருக்கேன். ஓட்டு கேட்டு வர்றவங்க, பஸ்ஸு எப்ப உள்ள வரும்னு சொல்லிட்டுக் கேளுங்க.” நீ போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தைக் காட்ட நோட்டீஸ் அடித்தபோதுதான் மேஸ்திரி மாமா பிடிவாதம் பிடித்தார். நோட்டீஸில் யார் பெயரும் இல்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

“இது விழா இல்ல மாமா, படம்.”

“படமோ கிடமோ, மைக்கு இருக்குதுல்ல? மைக்குன்னு ஒண்ணு இருந்தா முன்னிலைன்னு ஒருத்தர் வேணும்மா. நாளைக்கு நம்ம காலனிக்கு யார் வருவாங்க?”

நீ சிரித்தாய், பிறகு விட்டுக்கொடுத்தாய். அண்ணன் வந்தார். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் மாலை. பொன்னாடை போர்த்த ஆள் தேடியபோது மாமா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். “நம்ம ஹீரோயினி போடட்டும்.” எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு என் படம் ஓடியது. அது ஓடும்போது அண்ணன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மைக்கில் பத்து வார்த்தை வாழ்த்திவிட்டு, மேலிடத்துக்குக் காட்ட வேண்டும், படத்தைக் கொடு என்று உன்னிடம் கேட்டார்.

கொடுக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை, சொன்னாலும் நீ கேட்டிருக்க மாட்டாய். “கேள்வி யார் வழியா போனா இன்னா, போய்ச் சேர்ந்தா சரி” என்று சொல்லி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாய். அவ்வளவு படித்த நீ அதை நம்பினாய், அக்கா. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்கள் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். காலனி முனையில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அதில் அண்ணன் முகம் பானை அளவு. நீ மூலையில், ஸ்டாம்பு அளவு. உன் அம்மா அந்தச் சின்ன முகத்தைத்தான் தொட்டுத் தொட்டு அழுதாள்.

இப்போது அண்ணனின் பிரசார வண்டி தெருத்தெருவாக வருகிறது. பின்னால் பெரிய திரை. அதில் நான் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறேன். என் வாய் அசைகிறது, ஆனால் கேட்பது அவருடைய பாட்டு. பிறகு அந்தப் பொன்னாடைப் படம் வருகிறது. கீழே, ‘நன்றி அண்ணா’ என்ற எழுத்து. முசரவாக்கத்தில் என் அத்தை வீட்டுப் பக்கம்கூட ஓடியதாம். “நல்லா இருந்துச்சுடி, நீ அழகா இருந்த” என்று போன் செய்தாள். நான் என்ன பேசினேன் என்று அவள் கேட்கவில்லை. பேசினேன் என்றே அவளுக்குத் தெரியாது.

இன்று மாலை அண்ணன் ஜீப்பில் வந்தார். பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள்.

“போஸ்டர்ல இருக்கிற புள்ள பின்னாடி நின்னா எப்படி? முன்னால வா” என்றார் மாமா.

“தட்டப் புடிமா, எல்லாரும் புடிச்சிக்கினு நிக்குறாங்க” என்றாள் அம்மா.

நான் தட்டை வாங்கவில்லை. ஜீப் எனக்கு நேராக வந்தபோது பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளம் ஒரு நொடி தடுமாறி நின்றது.

“எங்க காலனிக்குள்ள பஸ்ஸு எப்பண்ணா வரும்?”

அவருக்கு நன்றாகவே கேட்டது. குனிந்து பார்த்தார். கையை நீட்டி என் தலையில் வைத்தார்.

“நல்லா படிக்கணும்மா” என்றார்.

மேளம் மறுபடி தொடங்கியது. யாரோ என் கையை எடுத்துவிட்டார்கள், ஜீப் போய்விட்டது. நான் படிப்பை நிறுத்தியவள் என்று அந்தப் படத்தின் முதல் வரியே சொல்கிறது. அதைத் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டிருப்பவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுவிட்டு, “அவ சொல்லிக் குடுத்ததா?” என்று மட்டும் கேட்டாள். “நானேதான் கேட்டேன்” என்றேன்.

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. உன்னைப்போல் ஊரைக் கூட்டி உட்கார வைக்கவும் வராது. என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். இனி யார் வந்தாலும் கேட்பேன், ஓட்டு வந்த பிறகும் கேட்பேன். ஆனால் கேட்ட பிறகு தலையில் ஒரு கை வந்து உட்காருமே, அதை என்ன செய்வது என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை, அக்கா.