கெட்டி ஸ்பிரிங்

மாண்டானா
நவம்பர் 12

அன்புள்ள லைலுக்கு,

நான் சுகம்தான். எண்ணெய்க் கிணற்றுக் குளிரில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டிவலி. சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், உப்பு போதவில்லை என்று திட்டிக்கொண்டே குடிக்கிறாள்.

நம் நாய் பிஸ்கட் போனதைப் போனில் சொன்னபோது சிரித்தாய். மலைச்சிங்கம் ஆட்டுப்பட்டியில் இறங்கியது, நாய் குறுக்கே பாய்ந்தது. என் முதல் குண்டு தப்பியது. இரண்டாவது வரவேயில்லை. சுட்ட தோட்டாவின் காலி உறை பாதி வெளியே நீட்டிக்கொண்டு துப்பாக்கியில் சிக்கி நின்றது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே நாயை என் கண்ணெதிரே இழுத்துப் போய்விட்டது. நீ சொன்னாய்: "சேமியாக் கைக்கு வேற எப்படி இருக்கும்? இறுக்கிப் பிடிடின்னு எத்தன தடவ சொல்றது!"

நம் சுடும் கிளப்பில் துப்பாக்கி சிக்கினால் யாரும் துப்பாக்கியைத் திட்டுவதில்லை, பிடித்த கையைத்தான் திட்டுவார்கள். நானும் நம்பினேன். ஞாயிறுதோறும் நீ "சேமியாக் கை" என்று கத்துவாய், எல்லாரும் சிரிப்பார்கள். மணிக்கட்டுக்குத் தெம்பு வரட்டும் என்று வாளியில் மணல் தூக்கிய முட்டாள் நான்.

போன வாரம் துப்பாக்கியை உதிரிபாகக் கடை ஓப்பலிடம் கொண்டுபோனேன். கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உள்ளே இருந்தது, உன் முழு வெடிமருந்துத் தோட்டாவுக்குப் போடும் கெட்டி ஸ்பிரிங். எனக்கு நீ நிரப்பித் தருவதோ மருந்து குறைத்த தோட்டா, "உன் கை நோகக்கூடாதுல்ல, கண்ணு" என்று. அந்த மருந்துக்கு இந்த ஸ்பிரிங்கை முழுதாகத் தள்ளத் தெம்பில்லை. துப்பாக்கியின் மேல்மூடி பாதி வழியில் திரும்பி உறையைக் கவ்விக்கொள்ளும்.

தெரியாமல் போட்டிருப்பான் என்று அப்போதும் உனக்காகப் பரிந்து பேசினேன். ஓப்பல் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாமலா? எங்கிட்டதான் வாங்கினான். சிக்கும்டான்னு சொன்னேன். 'அதுக்குத்தான வாங்குறேன், ஞாயித்துக்கெழம கொஞ்சம் சிரிக்கலாம்'னான். ஒரு நாள் வெளையாட்டு, மாத்திருப்பான்னு நெனச்சேன் நோரீன்."

சிரித்தாய், சரி. மலைச்சிங்கம் திரியும் இடத்தில் என்னைத் தனியே விட்டுப் போனாயே, அன்றைக்காவது மாற்றியிருக்கக் கூடாதா, பாவி? நாய்க்குப் பதில் நான் போயிருந்தால் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பாய்?

என் தோட்டாவுக்கு ஏற்ற இளக்கமான ஸ்பிரிங்கை ஓப்பல் போட்டுக் கொடுத்தாள். இப்போது உறைகள் எட்டப் போய் விழுகின்றன. ஒன்றுகூடச் சிக்குவதில்லை. தினமும் சுட்டுப் பழகுகிறேன், தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

நன்றிப் பெருநாளுக்கு வருவதாகச் சொன்னாய். வேண்டாம் லைல், உன் அம்மா வீட்டிலேயே இறங்கிக்கொள். வந்தே தீருவேன் என்றால் பகலில் வா. வேலிக்கு வெளியே நின்று உன் பெயரைச் சத்தமாகச் சொல். உனக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும்படி கடவுளைத்தான் வேண்டிக்கொள்கிறேன். அந்தப் பொறுப்பு என்னிடம் வர வேண்டாம்.

இப்போதைக்கு உன் மனைவி,
நோரீன்