மர ஜன்னல்கள்

கண்மணி,

வரிச் சலுகை கிடைக்கவில்லை. பழைய வீட்டைப் பழையபடியே செப்பனிட்டால் எட்டு வருஷம் வீட்டு வரி ஏறாது என்றார்களே, அதற்காகப் போன மாதம் அதிகாரி திருமதி பிரூயிட் வந்து பார்த்தார்.

"பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தா சலுகை இல்லம்மா. பழைய மர ஜன்னல் எங்க?" என்று கேட்டார்.

"மிசிசிப்பி ஆத்துக் குளிர்காத்து அந்த ஜன்னல் இடுக்குல வந்து அவருக்கு மூச்சே விட முடியல. கழட்டி அடுப்புல எரிச்சிட்டோம்" என்றேன்.

அப்பாவின் காலிக் கட்டிலைப் பார்த்தார். "கஷ்டமாத்தான் இருக்கு. சட்டம் அப்படி."

ஏறிய வரியை என்னால் கட்ட முடியாது. வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாங்குகிறவர் இடிக்கப்போகிறார்.

புது ஜன்னல்களை நீதான் வாங்கி அனுப்பினாய் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. அந்த ஜன்னல்கள் வந்தபின், தன் கடைசிக் குளிர்காலத்தில் அப்பா போர்வையை உதறிவிட்டுத் தூங்கினார்.

அம்மா