லிசார்தோ வீட்டுப் புகை

கோயைக்கே, மே பதினெட்டு

அன்பு மகன் நிபால்டோவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நாயும் கோழிகளும் சுகம், கலாமாவில் உனக்குச் சுரங்க வேலையும் சாப்பாடும் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பியிருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், இதை அவர் காதுபடச் சொல்ல முடியாது. மனசுக்குள் வைத்துக்கொண்டால் வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

நம் விறகுக் கணப்பு போய்விட்டது மகனே. நீ பிறந்த வருஷம் வாங்கியது, உன் ஈரத் துணியெல்லாம் அதன் மேலேதான் காயும். பழையதைக் கொடுத்தால் அரசாங்கத்தில் புதிய பெல்லட் அடுப்பு தருகிறார்கள், மரத்தூளை அழுத்தி மாட்டுத் தீவனம் மாதிரி மூட்டையில் விற்கிறார்களே, அதை எரிக்கிற அடுப்பு. போன ஆகஸ்ட் குளிரில் அப்பாவுக்குத் தெரியாமல் நகராட்சியில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். ஏனென்றால் ஒரு விடியற்காலை எழுந்து பார்க்கிறேன், அவர் பக்கத்தில் இல்லை, முற்றத்தில் உறைபனியில் நாற்காலி போட்டுக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், 'உள்ள மூச்சு முட்டுதுடி, வெளியில தேவலை' என்கிறார். வீட்டைவிட உறைபனி தேவலை என்று ஒரு மனுஷன் சொல்கிறான் என்றால் அந்த அடுப்புக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்னாலும் எல்லாம் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்பு பதினைந்து கன மீட்டர் விறகில் ஒரு குளிர்காலம் ஓடும், போன வருஷம் இருபத்திரண்டும் போதவில்லை, அப்படியும் கால் சில்லிட்டே கிடந்தது. கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும், திரைச்சீலை துவைத்த மூன்றாம் நாள் பழுப்பாகும், காலையில் இரண்டு பேருக்கும் தலைவலி. இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நான் ஏன் சும்மா இருந்தேன் என்றால் உன் ஞானத்தகப்பன் லிசார்தோ சொன்ன வார்த்தையை நம்பித்தான்.

நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், உனக்குத் தெரியும். இனி அவர் இவர் என்று எழுத என் கை வராது. வருஷா வருஷம் மார்ச்சில் அவனே வந்து புகைபோக்கியில் ஏறிக் கரி தட்டுவான், விறகும் அவனிடமே வாங்குவோம், இறங்கி வந்து கணப்பை விரல் முட்டியால் தட்டிவிட்டு, 'தங்கச்சி, இது கிழட்டு மாடுன்னு நெனச்சியா, உழவு காளை, இன்னும் பத்துக் குளிர்காலம் தாங்கும்' என்பான். பெல்லட் அடுப்பைப் பற்றிக் கேட்டால் சிரிப்பான். 'கரண்ட் போச்சுன்னா அதுவும் போச்சு, ரெண்டு பேரும் வெறைச்சுக் கெடப்பீங்க' என்பான். அப்பாவும் அவனும் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டு அந்தக் கணப்பைச் சுற்றித்தான் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா இருமும்போது முதுகைத் தடவிக் கொடுத்தவனும் அவன்தான், 'சிகரெட்டை விடு மச்சான்' என்று சொன்னவனும் அவன்தான். அப்பா விட்டுவிட்டார். இருமல் விடவில்லை.

போன மாதம் ஆட்கள் வந்து கணப்பை நகர்த்தினார்கள். நகர்த்தியதும் பின்தகட்டிலிருந்து ஒரு துண்டு கழன்று தரையில் விழுந்தது, என் உள்ளங்கை அகலம் ஓட்டை. அடுப்புச் சாந்தை அப்பி மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. வந்தவர்களில் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, 'அம்மா, இது தெரிஞ்சே பூசினது, ரெண்டு மூணு தடவை பூசியிருக்காங்க, புகை பூரா வீட்டுக்குள்ளதான் வந்திருக்கு' என்றார். அந்தப் பக்கம் கைவைத்தவன் லிசார்தோவைத் தவிர வேறு யாரும் இல்லை. அதோடு விட்டிருந்தால்கூட ஏதோ பழுது பார்த்தான், விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று நானே அவனுக்காகச் சாக்குச் சொல்லியிருப்பேன். புதிய அடுப்பை எப்படி மூட்டுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு அந்த மனுஷர், 'சந்தேகம் வந்தா மேட்டுத் தெருவுல விறகு விக்கிறாரே லிசார்தோ, அவரைக் கேளுங்க, அவர் வீட்டுல இதே அடுப்பு ரெண்டு வருஷமா ஓடுது' என்றார்.

இரண்டு வருஷம். யோசித்துப் பார்த்தால் இரண்டு குளிர்காலமாக அவன் நம்மை வீட்டுக்குள் கூப்பிடவே இல்லை. மனைவி எர்சிலியாவுக்கு உடம்பு சரியில்லை, ஆள் வந்தால் அலுத்துப்போகிறாள் என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவான். மறுநாள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவன் லாரியோடு போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். எர்சிலியா கதவைத் திறந்தாள், முன்பு மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தவள் கன்னம் சிவந்து நிற்கிறாள். அவள் பின்னால் திரைச்சீலை தும்பை மாதிரி வெள்ளை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் சூதுவாது தெரியாதவள், கேட்காமலே சொன்னாள், 'புகை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் ஒத்திலியா, அந்த வாரமே போய்ப் பெயர் கொடுத்துட்டார் இவர், வெளியில சொல்லிடாதே, விறகு வாங்க ஒருத்தரும் வர மாட்டாங்க.' கொட்டகையில் ஒரு பழைய அடுப்பு வைத்திருக்கிறானாம், ஊர் பார்ப்பதற்காக அதில் தினமும் நாலு கட்டை எரித்துப் புகை காட்டுகிறானாம், அதையும் அவளே சொன்னாள். நாமும் கீழேயிருந்து அந்தப் புகையைப் பார்த்து, லிசார்தோ வீட்டில் கணப்பு போட்டுவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். அவன் பெண்டாட்டியின் மூச்சு மூச்சு, உன் அப்பா மூச்சு அவனுக்கு வியாபாரம்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொட்டினேன். அவர் கையில் இருந்த மாத்தேயைக் குடித்து முடித்துவிட்டு, 'எனக்குத் தெரியும்டி' என்றார். போன குளிர்காலத்தில் விறகு இறக்க உதவிக்குப் போனபோது தார்ப்பாய்க்கு அடியில் பெல்லட் மூட்டைகளைப் பார்த்திருக்கிறார். 'மச்சானுக்கு வேற பொழப்பு என்ன இருக்கு, ஊருக்குத் தெரிஞ்சா ஒரு கட்டை விக்காது, அதான் வாயைத் திறக்கலை' என்கிறார். ஓட்டை விஷயம் தெரியுமா என்று கேட்டேன். அடுத்த மாத்தேக்கு வெந்நீர் வைக்க எழுந்து போய்விட்டார். முப்பத்தாறு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவள் நான், என் பக்கத்திலேயே படுத்து இருமிக்கொண்டு எனக்குத் தெரியாமல் இன்னொருத்தன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். லிசார்தோ செய்தது ஒரு பங்கு வலித்தால் இது பத்துப் பங்கு வலிக்கிறது. அந்தப் புகையை நானும்தானே சுவாசித்தேன், என்னையாவது அவர் நினைத்திருக்க வேண்டாமா.

செவ்வாய்க்கிழமை லிசார்தோவின் லாரி நம் வாசலில் வந்து நின்றது. அப்பாதான் சொல்லியனுப்பியிருக்கிறார், வழக்கம்போல விறகு. அடுப்பே இல்லாத வீட்டுக்கு. பக்கத்து வீட்டு செல்மிராவும் தன் பங்குக்காக வேலியோரம் நின்றாள், தனிக்கட்டை, அவள் கணப்பு நம்முடையதைவிடப் பழசு, அது இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்று லிசார்தோ சொன்னதாக என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் எதிரிலேயே, 'அண்ணே, இந்த விறகை உங்க வீட்டுக்குள்ள எரிப்பீங்களா' என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தான். செல்மிரா என்ன ஏது என்று கேட்க, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் மேட்டுத் தெரு பூராவும் தெரிந்துவிட்டது. அப்பாவோ அப்போதே போய்க் கேட்டைத் திறந்து விறகை இறக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து இன்றோடு நாலு நாள், அவர் என்னோடு பேசவில்லை. தினமும் முற்றத்தில் அந்த விறகை அடுக்குகிறார். இரண்டு கட்டை வைப்பார், வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார், மறுபடி இரண்டு கட்டை. போன நுரையீரல் போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்த மூச்சுக்காக நான் இத்தனையும் செய்தேனோ அந்த மூச்சை அவர் சிநேகிதனுக்காகச் செலவு செய்துகொண்டிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீடு கதகதப்பாக இருக்கிறது நிபால்டோ, கால் சில்லிடுவதே இல்லை. அதை ஒரு வார்த்தை சொல்லி அனுபவிக்க ஆள் இல்லை.

ஜூலையில் லீவு கிடைத்தால் வா. வந்து யார் பக்கமும் பேச வேண்டாம், மிச்சம் கிடக்கிற விறகை நீ அடுக்கிக் கொடு, அவர் உட்காரட்டும். ஞானத்தகப்பன் போன் செய்தால் என்ன பேசுவது என்பது உன் இஷ்டம். கன்னி மாதா உனக்குத் துணையிருக்கட்டும், நீ எடுத்து வைக்கிற காலெல்லாம் நல்ல இடத்தில் படட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உன் வாடகை அறையில் இருக்கிற அந்தப் பழைய கேஸ் ஹீட்டரின் பின்பக்கத்தை நீயே நகர்த்தி நீயே பார், வீட்டுக்காரர் நல்லாயிருக்கிறது என்று சொன்னார் என்று எனக்கு எழுதாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ஒத்திலியா